கர்ப்ப காலத்தில் இடுப்பு வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் இடுப்பு வலிக்கிறது. "வயித்துல புள்ளை இருந்தா இடுப்பு வலிக்காம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். வலி வருவது சகஜம்தான். ஆனால் பத்து மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. எந்த இடத்தில் வலிக்கிறது, எதைச் செய்யும்போது வலிக்கிறது என்பதை முதலில் கவனித்துக்கொண்டால், என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கர்ப்பத்தில் இடுப்பு ஏன் வலிக்கிறது?

சரியான எடையில் இருக்கும் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் சுமார் 11 முதல் 16 கிலோ வரை எடை கூடும். அதில் பெரும் பங்கு உடம்பின் முன்பக்கம் சேர்கிறது. முன்னால் சாய்ந்துவிடாமல் இருக்க நாம் அறியாமலேயே தோளைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிறோம். கீழ்முதுகின் வளைவு ஆழமாகிறது. அங்குள்ள தசைகளுக்கு நாள் முழுக்க வேலை. முன்பக்கத்திலிருந்து முதுகெலும்பைத் தாங்க வேண்டிய வயிற்றுத் தசைகளோ நீண்டு விரிந்து கிடக்கின்றன, அவற்றால் முன்புபோல் உதவ முடிவதில்லை.

இன்னொரு காரணம் ஹார்மோன்கள். ரிலாக்ஸின் உள்ளிட்ட ஹார்மோன்கள் இடுப்பு எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார்களை இளக்குகின்றன. பிரசவத்துக்கு அது தேவை. ஆனால் மூட்டுகளின் பிடிப்பு தளரும்போது சுற்றியுள்ள தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. எல்லாப் பழியையும் ரிலாக்ஸின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. ரத்தத்தில் அதன் அளவு கூடினால் வலியும் கூடும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே முதுகு வலி இருந்தவர்களுக்கும் முந்தைய கர்ப்பத்தில் இடுப்பு வலி வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் உறுதி.

எத்தனையாவது மாதத்தில் வரும்?

பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் நடுவில். சிலருக்கு வயிறு தெரிவதற்கு முன்பே, மூன்றாம் மாதத்திலேயே லேசாகத் தொடங்கிவிடும். ஆரம்ப மாதங்களில் இடுப்பு வலியோடு ரத்தக் கசிவும் அடிவயிற்றில் பிடித்து இழுப்பதும் இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லா இடுப்பு வலியும் ஒன்றுதானா?

இல்லை. பலருக்கு வைத்தியம் பலிக்காமல் போவது இங்கேதான்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். பெல்ட் கட்டும் இடத்துக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி விரல் போனால் அது கீழ்முதுகு வலி. நெடுநேரம் நின்றால், உட்கார்ந்தால், குனிந்து நிமிர்ந்தால் அதிகமாகும். கர்ப்பத்துக்கு முன்பு முதுகு வலித்தபோது எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும்.

விரல் அதற்குக் கீழே, பின்பக்கம் குழி விழும் இரண்டு இடங்களுக்கோ புட்டத்துக்கோ போனால், அது இடுப்பு வளைய மூட்டுகளின் வலி. ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம். தொடையின் பின்புறம் வரை பரவலாம். சிலருக்கு முன்பக்கம், பிறப்புறுப்புக்குச் சற்று மேலே உள்ள எலும்பு இணைப்பிலும் வலிக்கும், நடக்கும்போது 'கிளிக்' என்று சத்தம்கூடக் கேட்கும். இந்த வகைக்கு அடையாளம், எடை ஒரே காலில் விழும்போது சுரீர் என்பது: படியேறுவது, நின்றபடி பேன்ட் போடுவது, காரிலிருந்து ஒரு காலை வெளியே வைப்பது, படுக்கையில் புரளுவது.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், நல்லது என்று செய்வதே வினையாகிவிடும். நன்றாக எட்டி வைத்து நடப்பது முதல் வகை வலிக்கு நல்ல மருந்து. இரண்டாம் வகை இருப்பவர் அதே நடையை நடந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். அவர் சின்னச் சின்ன அடிகளாக, குறைந்த தூரமாக நடக்க வேண்டும்; உட்கார்ந்துகொண்டு உடை மாற்ற வேண்டும்; படியில் ஒவ்வொரு படியாக, வலி குறைந்த காலை முதலில் வைத்து ஏற வேண்டும். இரண்டும் கலந்தும் வரும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு முறையாவது காட்டுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

வலி கால் வரை இழுக்கிறது. சயாட்டிகாவா?

பெரும்பாலும் இல்லை. முதுகில் நரம்பு அழுந்துவதால் வரும் உண்மையான சயாட்டிகா கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் வரும். அது முழங்காலுக்குக் கீழே இறங்கி, பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல இருக்கும், மரத்துப்போவதும் சேர்ந்து வரும். புட்டத்தோடும் தொடையோடும் நின்றுவிடும் வலி முன்பு சொன்ன மூட்டு வலியாகவே இருக்க அதிக வாய்ப்பு. பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் தொங்குவது, கால் வலுவிழப்பது போன்றவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

படுக்கையில் புரளும்போது உயிரே போகிறது. என்ன செய்வது?

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். நல்ல வேளையாக, செய்கிற விதத்தை மாற்றினாலே இது பெருமளவு குறையும்.

வலப்பக்கம் படுத்திருக்கிறீர்கள், இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். முழங்கால்கள் இரண்டையும் மடக்கி ஒன்றோடு ஒன்று சேர்த்து வையுங்கள். நடுவில் தலையணை இருந்தால் அதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். முதலில் மேலுடம்பு, பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று தவணை முறையில் திரும்பும்போதுதான் மூட்டு முறுக்கிக்கொள்கிறது. விரிப்பும் உடையும் வழுக்கும் துணியாக இருந்தால் திரும்புவது இன்னும் லேசு.

எழும்போது நேராக மல்லாந்த நிலையிலிருந்து எம்பி எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கட்டிலின் ஓரத்துக்கு வந்து, இரண்டு கால்களையும் சேர்த்துக் கீழே தொங்கவிட்டு, கைகளால் ஊன்றி உட்காருங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்திருங்கள். திடீரென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். காரில் ஏறும்போதும் இதே முறைதான்: முதலில் பின்பக்கம் காட்டி உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவது. இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால் சுலபமாகச் சுழலலாம், வண்டி கிளம்பும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

எப்படிப் படுக்க வேண்டும்? இடப்பக்கம் மட்டும்தானா?

28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது பக்கவாட்டில் படுப்பதே நல்லது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். கடைசி மாதங்களில் மல்லாந்து தூங்குவதற்கும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இடமா வலமா என்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, எந்தப் பக்கம் வலி குறைவோ அந்தப் பக்கம் படுங்கள். நடு ராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, அது கணுக்கால் வரை நீண்டிருப்பது நல்லது. வயிற்றுக்கு அடியில் சின்னதாக ஒன்று. தேவையென்றால் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் நீண்ட தலையணைகள் வசதிதான், ஆனால் வீட்டில் இருக்கும் நான்கு தலையணைகளும் அதே வேலையைச் செய்யும்.

வலிக்கிறதே, படுத்தே இருக்கலாமா?

வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்வது சரி. நாள் கணக்கில் படுத்துக் கிடந்தால் தசைகள் பலமிழக்கும், எழும்போது வலி இன்னும் கூடும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம். கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வேறு காரணத்துக்காக மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடை, நீச்சல், தண்ணீரில் நின்று செய்யும் பயிற்சி, கர்ப்பிணிகளுக்கான யோகா எதுவானாலும் சரி. மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தண்ணீர் மிகவும் உகந்தது, அது எடையைத் தாங்கிக்கொள்கிறது. நீச்சலில் கால்களைத் தவளைபோல அகட்டி உதைக்கும் முறையை மட்டும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

இடுப்புக்கென்று ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால், நான் சொல்வது இதை: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. முதுகு மேசைபோல மட்டமாக இருக்கட்டும். மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளே இழுத்து, முதுகை மேல்நோக்கி வளைத்து, தலையைத் தளரவிடுங்கள். சில நொடிகள் அப்படியே இருந்து, மூச்சை இழுத்தபடி மட்டமான நிலைக்குத் திரும்புங்கள். மட்டத்தோடு நிறுத்துவதுதான் முக்கியம். முதுகைக் கீழே தொய்யவிட்டால் ஏற்கெனவே ஆழமாக இருக்கும் வளைவு இன்னும் ஆழமாகும். பத்து முறை செய்யலாம். மணிக்கட்டு வலித்தால், சுவரில் சாய்ந்து முழங்காலை லேசாக மடக்கி நின்று, கீழ்முதுகைச் சுவரோடு ஒட்டி அழுத்தினாலும் அதே பலன்.

இதோடு இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியும் சேரட்டும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல இறுக்கி, சில நொடிகள் வைத்து, முழுமையாகத் தளர்த்துவது. சிறுநீர் கழிக்கும்போது அதைச் செய்து பழக வேண்டாம்.

ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல், பனிக்குடம் உடைந்தது, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், முன்கூட்டியே பிரசவமாகும் அபாயம், கடுமையான இதய நோய் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் கூடாது. பயிற்சியின் நடுவே வலி கூடினாலும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டு வேலை, அலுவலக வேலை எப்படிச் செய்வது?

ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் முதல் எதிரி. உட்கார்ந்த வேலை என்றால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடமாடுங்கள். கீழ்முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு, பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரம், கால் மேல் கால் போடாமல் இருப்பது, இவ்வளவும் போதும். நின்று செய்யும் வேலை என்றால் ஒரு காலைச் சின்ன மணை மேல் வைத்து அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம். பின்புற மூட்டு வலி உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்யாமல், இரண்டு கால்களிலும் சமமாக எடை போட்டு நிற்க வேண்டும். முடிந்ததை உட்கார்ந்தே செய்வது அதைவிட நல்லது.

கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். மூத்த குழந்தை தூக்கச் சொல்லி அடம் பிடித்தால், நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு அதை ஏறி வரச் சொல்லுங்கள். ஒரு பக்க இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்துக்கு இந்த மாதங்களில் விடுமுறை விடுங்கள்.

காலணி? உயர்ந்த குதிகால் வேண்டாம். தட்டையாக, தாள்போல மெல்லியதாக இருப்பதும் வேண்டாம். பாத வளைவைத் தாங்கும், குதிகால் கொஞ்சமே உயர்ந்த காலணி சரி.

இடுப்பு பெல்ட் போடலாமா?

போடலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பைச் சுற்றித் தாழ்வாகக் கட்டும் பெல்ட். வயிறு கனக்கிறது என்பவர்களுக்கு அடிவயிற்றைத் தாங்கும் பெல்ட். சிலருக்குப் போட்ட உடனே தெரியும், சிலருக்கு ஒரு பயனும் இருக்காது. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் போட்டுக்கொண்டு, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். வயிற்றை இறுக்கக் கூடாது. பெல்ட்டை நம்பிப் பயிற்சியைக் கைவிட்டால் தசைகள் சோம்பேறியாகிவிடும்.

ஒத்தடம், தைலம், மசாஜ்?

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, இடுப்பின் பின்பக்கம் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். தோல் பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும், வயிற்றின் மேல் வைக்கக் கூடாது, வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. உடம்பு முழுவதையும் சூடாக்கும் நீராவிக் குளியலும் வெந்நீர்த் தொட்டியும், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், ஆகாது. சிலருக்குச் சூட்டைவிடக் குளிர்ச்சியான ஒத்தடம் சுகம் தரும்.

தைலம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "மேலுக்குத்தானே தடவுகிறோம்" என்று நினைக்கிறோம். வலித் தைலங்கள் பலவற்றில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, வலி ஜெல்களில் டைக்ளோஃபெனாக் இருக்கும். தோல் வழியாக ஓரளவு ரத்தத்தில் சேரும். எனவே லேபிளைப் படித்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே தடவுங்கள். மணமில்லாத சாதாரண எண்ணெயால், பக்கவாட்டில் படுத்த நிலையில், மென்மையாக நீவிவிடச் சொல்லுங்கள். முதுகில் ஏறி மிதிப்பது, சுளுக்கெடுப்பது என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பாராசிட்டமால்தான் பொதுவாக முதல் தேர்வு. அதையும் மருத்துவரைக் கேட்டு, வலியைக் குறைக்கப் போதுமான மிகக் குறைந்த அளவில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும்.

ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய குழந்தையின் இதய ரத்தக்குழாய் முன்பே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கர்ப்பகால ரத்த அழுத்தத்தைத் தடுக்க மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தாதீர்கள்.

கால்சியம் குறைவால்தான் இடுப்பு வலிக்கிறதா?

அப்படித்தான் பலர் நம்புகிறார்கள். கால்சியம் மாத்திரை குழந்தையின் எலும்புக்கும் உங்கள் எலும்புக்கும் தேவை, விடாமல் போடுங்கள். ஆனால் தசையும் மூட்டும் தரும் வலி அதை இரட்டிப்பாகப் போட்டால் போய்விடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஸ்கேன், எக்ஸ்ரே தேவையா?

சாதாரண இடுப்பு வலிக்குத் தேவையில்லை. நரம்புப் பாதிப்பு சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதில் கதிர்வீச்சு கிடையாது.

தாம்பத்திய உறவு?

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை தடையில்லை. பக்கவாட்டில் படுத்த நிலை இடுப்புக்கு இதம். மூட்டு வலி உள்ளவர்கள் கால்களை அதிகம் அகட்ட வேண்டாம்.

இது பிரசவ வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வலிக்கும்போது வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். வயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்கிறதா? அது இடுப்பிலிருந்து முன்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறதா? இடைவெளி குறைந்து, வலி ஏறிக்கொண்டே போகிறதா? படுத்தாலும் நடந்தாலும் அடங்கவில்லையா? அப்படியென்றால் பிரசவ வலி. பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், தண்ணீர் குடித்துவிட்டு ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். சாதாரண இடுப்பு வலி ஒரே சீராக இருக்கும், நிலையை மாற்றினால் குறையும்.

மருத்துவமனைக்குப் போன் செய்யும்போது "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனையாவது வாரம் என்று சொல்லுங்கள். 37 வாரம் முடிவதற்கு முன்பு விட்டு விட்டு வலி வந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

ரத்தம் போனாலோ பனிக்குட நீர் கசிந்தாலோ. வயிறு தளராமல் இறுகியே இருந்து விடாமல் வலித்தால். குழந்தையின் அசைவு குறைந்தால். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்க வலி என்றால், அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்; கர்ப்பத்தில் அது விரைவாக முற்றிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்த உறைவா என்று பார்க்க வேண்டும். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி மூன்றும் ரத்த அழுத்தத்தின் அறிகுறிகள்.

அரிதானது என்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இரு தொடைகளுக்கு நடுவிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது. இது நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி, மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

இடுப்பு வலி இருந்தால் சிசேரியன்தானா?

இல்லை. இடுப்பு வலி மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. முன்பக்க எலும்பு இணைப்பில் வலி இருந்தால், பிரசவத்துக்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள்: சாய்ந்து உட்கார்ந்து, வலிக்காமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் விலக்க முடிகிறது என்று டேப்பால் அளந்து, பிரசவ அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முதுகில் வலி நிவாரண ஊசி போட்ட பிறகு வலி தெரியாது. அப்போது அந்த அளவைத் தாண்டிக் கால்களை விரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள அது உதவும். பக்கவாட்டில் படுத்தோ கைகளையும் முழங்கால்களையும் ஊன்றியோ பிள்ளை பெறுவது சௌகரியமா என்றும் கேட்டு வையுங்கள்.

முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் இடுப்பு வலிக்குமாமே?

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். நாள்பட்ட முதுகு வலியை அது உண்டாக்குவதில்லை என்று ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் வரும் வலிக்கு, குனிந்து பாலூட்டுவதும் தூக்கமின்மையும் பலமிழந்த வயிற்றுத் தசைகளுமே பெரும்பாலும் காரணம். பாலூட்டும்போது குழந்தையைத் தலையணை மேல் உயர்த்தி மார்புக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் குழந்தையை நோக்கிக் குனியாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது சரியாகும்?

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் விட்டுவிடும். கர்ப்பத்தில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் பல இடங்களில் வலித்தவர்களுக்கும் இன்னும் நாள் பிடிக்கலாம். மூன்று மாதம் கழிந்தும் குழந்தையைத் தூக்குவதும் படியேறுவதும் சிரமமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வயிற்றுத் தசைகள் நடுவில் பிரிந்திருக்கின்றனவா என்றும் அவர் பார்த்துச் சொல்வார், அதற்குத் தனிப் பயிற்சிகள் உண்டு. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இந்த வலி முழுதாகத் தீர்ந்து தசைகள் பலமான பிறகு அதைப் பற்றி யோசிப்பது நல்லது. முதல் முறை வந்தவர்களுக்கு மறுமுறையும் வருவது சகஜம். அப்படி வந்தால் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காமல், முதல் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.